நாலாவது ஜாயிண்ட்

ஜூலை 7, திங்கள்

பல வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்பு சகாயமேரி, அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "டீச்சர், நான் பாஸ் ஆனேனா, இல்ல நீங்க பாஸ் போட்டீங்களா?" அவள் எடுத்திருந்தது முப்பத்து நான்கு. ஒரு மதிப்பெண்ணை எங்கேயோ தேடிப் பிடித்து முப்பத்தைந்தாக்கியிருந்தேன். "போய்ப் படி போ" என்று அனுப்பிவிட்டேன்.

இன்று மெக்கானிக் ஸ்டீபன் பேசியபோது அவள் ஞாபகம் வந்தது. ஹரிகோவிந்த் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். ஜப்பான் வண்டி, இரண்டே இருக்கை. வரும் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் டிராக்கில் ரேஸ். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் கம்பெனியிலிருந்து வரும்போது பிளாஸ்டிக்கில், ஒல்லியாக, நெளிந்து நெளிந்து இருக்கும். அதற்குப் பதிலாக அகலமான அலுமினியக் குழாய் வேண்டும். மார்ச் மாதம் என் வீட்டுக்காரர் ஒன்று செய்து கொடுத்தார். அது ஒரு ஜாயிண்டில் விரிசல் விட்டுவிட்டது.

"அண்ணா, போன தடவை செக் பண்ணித்தான் குடுத்தீங்களா, இல்ல பாத்தா நல்லாருக்குன்னு குடுத்தீங்களா?" என்றார் ஸ்டீபன்.

இவர் முகம் சிறுத்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாக அலுமினிய வெல்டிங். சென்னியப்பன் போட்ட ஜாயிண்ட் ஒழுகாது என்று இந்தக் கணபதி வட்டாரத்தில் சொல்வார்கள்.

ஹரி நல்லவிதமாகத்தான் பேசினார். "ஸ்டீபன் சென்னைல கம்ப்யூட்டர் மெசின்ல போடலாங்கறான். நாந்தான் உங்ககிட்டயே இன்னொரு தடவை பாக்கலாம்னு சொன்னேங்ண்ணா. இது நல்லா வந்துட்டா எங்க மூணு காருக்கும் நீங்கதான்."

அவர்கள் போன பிறகு இவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மிணி, இதும் ஒழுகுச்சுன்னா ஷெட்டை மூடிப்போட்டு உங்கூட ஒக்காந்து சீரியல் பாக்க வேண்டீதுதான்."

"நான் சீரியல் பாக்கறதில்லீங்க."

"அப்ப தனியாத்தான் பாக்கோணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரவுச் சாப்பாட்டில் ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

ஜூலை 9, புதன்

குழாய் வந்தது. கையில் எடுத்ததும் இவர் கடைக்காரரிடம் போனில் சண்டை. "கோணல் கொழாயைக் குடுத்துட்டியேப்பா! நடுவுல அலை அடிக்குது." எனக்கு நேராகத்தான் தெரிந்தது. இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்துக் காட்டினேன். ஒரு தாள் நுழைய இடமில்லை.

"அப்ப ஸ்கேலு கோணல்" என்றார்.

"நாப்பது வருசத்து ஸ்கேலுங்க. இத வெச்சு எத்தன புள்ளைங்களுக்குக் கோடு போட்டுக் குடுத்திருக்கேன்."

"அத்தன புள்ளைங்களும் கோணலாத்தான் போயிருக்கும்."

சிரித்தேன். போனில் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

குழாயை வளைக்க முடியாது. வளைத்தால் உட்புறம் சுருங்கி மடிந்துவிடும். ஆகவே வாழைக்காயைச் சாய்வாக நறுக்குவதுபோல் வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி ஒட்ட வேண்டும். எட்டுத் துண்டு, ஏழு ஜாயிண்ட். கோணத்தைக் கணக்குப் போட்டுக் காகிதத்தில் வரைந்து குழாயில் சுற்றி ஒட்டித் தருவது என் வேலை. ஓய்வு பெற்றதிலிருந்து இதைச் செய்கிறேன். வகுப்பு எடுப்பதைவிட எளிது. குழாய் எதிர்க் கேள்வி கேட்பதில்லை.

ஜூலை 10, வியாழன்

மாவு புளித்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது.

ஜூலை 11, வெள்ளி

ஆனிக் காற்று. தென்னை ஓலை ஒன்று கூரைமேல் விழுந்தது. வெல்டிங் நடக்கும் இடத்தில் காற்று வீசவே கூடாது. உருகும் அலுமினியத்தின் மேல் ஆர்கான் வாயு ஒரு போர்வைபோல் நிற்க வேண்டும். கொசுவலைக்குள் மின்விசிறி காற்று புகுந்தால் வலை என்ன பாடுபடும், அந்த மாதிரி. அதனால் கதவைச் சாத்தி, தார்ப்பாயைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, இருவரும் வியர்வையில் குளித்தோம்.

மூன்று ஜாயிண்ட் முடிந்தது. இவர் வெளிச்சம் போதவில்லை என்றார். நேற்று புது பல்பு போட்டோம். இன்று அதைவிடப் பெரிது வாங்கி வந்தேன். அதுவும் போதவில்லையாம். முன்பெல்லாம் முடித்த ஜாயிண்டை ஒரு பார்வை பார்த்து வைத்துவிடுவார். இப்போது ஆறிய பிறகு கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்க்கிறார்.

அலுமினியம் வழவழப்பாக இருக்கிறது. தடவிப் பார்க்க யாருக்கும் ஆசையாக இருக்கும்.

ஜூலை 12, சனி

மீதி நான்கு ஜாயிண்டும் ஆயிற்று. மாலையில் சோதனை. குழாயின் இரண்டு வாயையும் ரப்பர் மூடியால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்பு நுரையைத் தூரிகையால் பூசினோம். ஓட்டை இருந்தால் அங்கே குமிழி வரும். இவர் பம்படித்தார், நான் பார்த்தேன்.

"வருதா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாரு. நாலாவது?"

"இல்லீங்க."

குழாய் நன்றாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் இவர் தூங்கினார். கடைக்குப் போய் வாங்கியவை: து. பருப்பு ஒரு கிலோ, தேங்காய் இரண்டு, தேயிலை, ரெண்டு டியூப் கலந்து பூசும் உலோகப் பசை (சமையலறைக் குழாய்க்கு), சீயக்காய்.

பிறகு ஷெட்டில் அரை மணி நேரம் வேலை இருந்தது.

ஜூலை 14, திங்கள்

மறுபடியும் ஒரு தடவை காற்றடித்துப் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். பார்த்தோம். ஏழு ஜாயிண்டிலும் ஒரு குமிழிகூட இல்லை. இன்று நிஜமாகவே இல்லை.

இவர் குழாயைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஒரு வாரமாகக் கேட்காத சத்தம்.

ஜூலை 15, செவ்வாய்

"குழாய்க்குப் பசை வாங்கியாந்தேன்னயே, இன்னும் சொட்டுதே?" என்றார் காலையில், பல் துலக்கிக்கொண்டே.

"அது ஒட்டலீங்க. பழைய பசையாக்கும்."

"கடைல திருப்பிக் குடு."

"சரிங்க."

நாற்பது வருடம் பொய் சொல்லும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான். அந்த முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடி பார்க்காமலே தெரிந்தது.

காலண்டரில் தேதி கிழிக்கும்போது இவர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் புருவத்தைச் சொறிந்தார். தூசி என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன். ரேஸ் முடியட்டும் என்கிறார். அதற்கு முன் பண்டிகை முடியட்டும் என்றார். கண்ணில் புரை வந்திருக்கும், வயதாகிறது, வேறென்ன.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஹரியும் ஸ்டீபனும் வந்தார்கள். குழாய் ஒரே மூச்சில் அச்சாகப் பொருந்தியது. வண்டியை ஓடவிட்டார்கள். ஸ்டீபன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வெகு நேரம்.

எனக்குப் புரியும் அளவில் எழுதி வைக்கிறேன். குழாயின் தொடக்கத்தில் ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் பெட்ரோல் விடப்படும். சென்சாரைத் தாண்டிய பிறகு ஓர் ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் நடுவில் ஊசியால் குத்திவிட்டால், வாய்க்கு இளநீர் குறைந்து காற்று வருகிறதல்லவா, அதுதான். எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும், சூடேறும், கெடும். குழாயின் முடிவில், எஞ்சின் வாயில், ஒரு தகட்டுக் கதவு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். வண்டி வேகம் பிடிப்பதும் குறைவதும் அந்தக் கதவால்தான்.

"நம்பர் எல்லாம் கரெக்டா இருக்குதுங்ண்ணா" என்றார் ஸ்டீபன். இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னிடம், "உள்பக்கமும் பாத்துட்டீங்கல்ல டீச்சர்?"

"பாத்தாச்சு."

"நீங்க பாத்தா சரி. நான் மறுக்கா பாக்கலை."

சாயங்காலம் ஆடிப் பிறப்புக்கென்று இவர் தேங்காய்ப்பால் கேட்டார். செய்தேன். இரண்டு டம்ளர் குடித்தார். இரண்டாவது என்னுடையது.

ஜூலை 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன சனிக்கிழமை நான் எழுதியது பொய். நாலாவது ஜாயிண்டில், வளைவின் உட்பக்கம், சீரகம் சீரகமாகக் குமிழி வந்தது. வெல்டிங் கோடு அந்த இடத்தில் இணைப்பை விட்டு ஒரு நூல் விலகிப் போயிருந்தது. இவருக்கு அந்தச் சின்னக் குமிழி தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் துணிந்து இல்லை என்றேன். மறுநாள் பசையைக் கலந்து, குச்சி நுனியில் எடுத்து, குழாய்க்குள் விட்டு அந்த இடத்தில் பூசினேன். முப்பத்து நான்கை முப்பத்தைந்தாக்குவது எனக்குப் பழகிய வேலை.

இன்று காலை மனம் நிலைகொள்ளாமல், வெட்டி மிஞ்சிய ஒரு வளையத்தில் மீதிப் பசையைப் பூசியிருந்ததை எடுத்துக் கொதிநீரில் போட்டேன். பிறகு குளிர்ந்த நீரில். மறுபடியும் கொதிநீர். சூட்டில் அலுமினியம் விரிவது ஒரு அளவு, பசை விரிவது வேறு அளவு. இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். மூன்றாம் முறை பசையின் ஓரம் நகத்துக்குக் கிளம்பியது. ஐந்தாம் முறை தோசைச் சட்டியின் கருகல்போல் சில்லாகப் பெயர்ந்து வந்தது.

அந்தச் சில்லு குழாயில் பெயர்ந்தால் காற்று அதை எங்கே கொண்டுபோகும்? எஞ்சின் வாயில் இருக்கும் கதவுக்கு. கதவின் இடுக்கில் சிக்கினால் கதவு மூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி குறையாது.

மணி பத்து. பத்தரைக்கு டிராக்கில் பயிற்சி ஓட்டம்.

ஹரிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஸ்டீபன் போன் அணைந்திருந்தது. இவர் திண்டுக்கல் பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு. சிலிண்டர் தீந்துபோச்சா?"

"நாலாவது ஜாயிண்ட்ல குமிழி வந்துச்சுங்க."

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "நீ இல்லேன்னயே."

"ஆமாங்க."

"திங்கக்கெழம வல்லியே?"

"நடுவுல நான் உள்ளாற பசை போட்டுட்டேன்."

"பசையா? காத்துக் கொழாய்க்குள்ள பசையா போட்ட?" கத்துவார் என்று நினைத்தேன். குரல் இறங்கிப்போயிற்று. "ஏன்டி?"

அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை.

"நீங்க ஷெட்டை மூடிருவேன்னீங்க."

பூட்டைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "அந்த ஜாயிண்ட் போடறப்ப எனக்குக் கோடு நெளிஞ்சுது. நெளிஞ்ச கோட்டு மேலதான் போட்டேன். சந்தேகமாவே இருந்துச்சு. அதான் நாலாவதப் பாருன்னேன். நீ இல்லேன்னதும், சரி, கண்ணுதான் கெட்டுப்போச்சு, கை நல்லாருக்குதுன்னு நெனச்சுட்டேன். அந்த நெனப்புலதான் இந்த வாரம் பூரா பாட்டு."



அவர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஸ்கூட்டர் ஓட்டியதெல்லாம் பள்ளிக்கூடம் போக மட்டும், தனியாக. "எதிர்ல வர்ற லாரி எனக்கு வளைஞ்சு வருது" என்றார். "நாலு மாசமா."

நான்கு மாதமும் நான் அவர் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

பதினெட்டு கிலோமீட்டர். காற்று பக்கவாட்டில் தள்ளியது. இவர் என் தோளைப் பிடித்திருந்தார். வாசலில் காவலாளி, "டிக்கெட்டு நாளைக்குத்தானுங், இன்னிக்குப் பார்வையாளருக்கு இல்ல" என்றார்.

"தம்பி, கேட்டைத் திற" என்றேன். வகுப்பறைக் குரல். திறந்துவிட்டார்.

கார்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டீபன் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் கடிகாரத்துடன் நின்றார். சிவப்பு வண்டி எங்களைக் கடந்து போனது. மார்புக்குள் அடிக்கிற சத்தம்.

"அவரைக் கூப்பிடுங்க. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"என்னாச்சு டீச்சர்?"

"குழாய்க்குள்ள பசை இருக்கு. நான் போட்டது. பெயர்ந்துரும்."

ஸ்டீபனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே வரச் சொல்லும் பலகையை எடுத்துச் சுவருக்கு வெளியே நீட்டினார். ஆனால் வண்டி அப்போதுதான் போயிருந்தது. ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்துதான் அதைப் பார்க்க முடியும். ஒன்றே முக்கால் நிமிடம். இந்த நிமிடங்களை நான் விவரிக்கப் போவதில்லை. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, டிராக் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, காதால் பார்த்துக்கொண்டிருந்தார். "குறைக்கறான்... மறுக்கா மிதிக்கறான்... இப்பக் குறைக்கோணும்... ஏன் குறைக்க மாட்டேங்கறான்?"

குறைந்தது. கொஞ்சம் தாமதமாக.

ஹரி உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் சொன்னது: "ஸ்டீபா, கடைசி ரெண்டு ரவுண்டா ஆக்ஸிலேட்டரை விட்டா லேசா ஒட்டுது. என்னன்னு பாரு."

ஸ்டீபன் குழாயைக் கழற்றி, எஞ்சின் வாய்க்குள் விரலை விட்டு, கதவின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தர்ப்பூசணி விதை அளவு, சாம்பல் நிறம்.

ஹரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டீச்சர், அந்த வளைவுல நான் நூத்தி அறுபதுல வர்றேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்? எங்கொழந்தைக்கு ரெண்டு வயசு, அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தலை குனிந்து நின்றேன். என் தப்புதான், இவருக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். இவர் என்னை நிறுத்தினார்.

"அது இல்ல தம்பி. பசை போட்டது அவ. ஓட்டை போட்டது நான். எனக்குக் கண்ணு தெரியலை. மார்ச்சுலயே தெரியலை. அந்த விரிசல் விட்ட கொழாயும் அதனாலதான். உங்ககிட்ட அதிர்வுல போயிருக்கும்னு சொன்னேன் பாருங்க, அது பொய்."

சுற்றி ஏழெட்டு மெக்கானிக்குகள் நின்றார்கள். பாதிப் பேர் இவரிடம் வேலை கொடுப்பவர்கள்.

ஸ்டீபன் பெட்டியிலிருந்து பழைய பிளாஸ்டிக் குழாயை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

ஜூலை 20, ஞாயிறு

ஹரி ஏழாவதாக வந்தாராம்.

ஜூலை 21, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. புரை இல்லை. விழித்திரையின் நடுவில் வீக்கம், வலது கண்ணில். அதனால்தான் நேர்கோடு நெளிந்து தெரிகிறது. நான் வெளிச்சம் போதவில்லை என்று பல்பு பல்பாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். கோணல் குழாய், கோணல் ஸ்கேல் என்று அவர் சொன்னபோதெல்லாம் சிரித்தேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். "மூணு மாசம் முன்னாடி வந்திருக்கலாமேங்க" என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாக மூன்று. முதல் ஊசி இந்தப் புதன்கிழமையே. இருக்கிற பார்வை நிற்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யலாம், உறுதி சொல்ல முடியாது. இடது கண் நன்றாக இருக்கிறது.

"வெல்டிங் அடிக்கலாங்களா?"

"மூணு ஊசிக்கப்புறம் பேசலாங்க."

"பேசலாம்னா அடிக்கலாம்னு அர்த்தமா?"

"பேசலாம்னுதான் அர்த்தம்" என்றார் அந்தப் பெண். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

இவர் கண்ணில் கட்டுடன் படுத்திருந்தார். ஹரியும் ஸ்டீபனும் வந்தார்கள். குழாய் ஸ்டீபன் கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன். ஹரி உட்காரவில்லை.

"அண்ணா, மத்த ரெண்டு காருக்கும் சென்னைல சொல்லிட்டேன்" என்றார்.

"அதான் சரி" என்றார் இவர்.

"இந்தக் கார் அடுத்து ஜனவரிலதான் ஓடுது. மூணு ஊசி முடிஞ்சு, டாக்டர் எழுத்துல குடுத்தா, நாலாவது ஜாயிண்டை வெட்டிட்டு நீங்களே போடுங்க. குடுக்கலேன்னா வேண்டாம்." கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "அங்க அத்தன பேரு முன்னாடி நீங்க சொல்லலேன்னா நான் இந்த வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்."

இவர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டுப் போட்ட கண் நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஹரி வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "ஒண்ணுங்க டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. செக் பண்றது இனிமே ஸ்டீபன். நீங்க வேண்டாம்."

"சரிங்க" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொய்யாகியிருக்கும். ஸ்டீபன் குழாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் தொடவில்லை. நாளை இவரே எடுத்து உள்ளே வைக்கட்டும்.

இந்த நோட்டு யார் கைக்காவது போனால் அவருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தரையில் டைல்ஸ் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அதைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள்.